அரசு மருத்துவமனைகளின் மின்னாற்றல் பயன்பாடு: அளப்பதும் ஒப்பிடுவதும் (தென்காசி மாவட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்)

அலுவலகக் கட்டடம் மாலையில் பூட்டப்படும். பள்ளிக் கட்டடத்திற்குக் கோடை விடுமுறை உண்டு. மருத்துவமனைக் கட்டடம் மட்டும் ஆண்டின் 8,760 மணி நேரமும் இயங்குகிறது. நள்ளிரவில் பிரசவ அறையில் விளக்கு எரிகிறது. தடுப்பூசிப் பெட்டி 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் காக்கப்படுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவி ஓடுகிறது. ஆகவே மருத்துவமனைக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவது இயல்பே. எவ்வளவு தேவை, அதில் எவ்வளவு வீண், பக்கத்து ஊர் மருத்துவமனையோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வரலாமா என்பவையே விடை காண வேண்டிய கேள்விகள்.

இந்தப் பக்கம் அக்கேள்விகளுக்கு விடை காணும் முறையை விளக்குகிறது. மருத்துவமனை நிர்வாகத்தில் பணிபுரிவோர், நோயாளர் நலச் சங்க உறுப்பினர்கள், தம் ஊர் மருத்துவமனையைப் பற்றி அக்கறை கொண்ட பொதுமக்கள் ஆகிய அனைவரையும் கருதி எழுதப்பட்டுள்ளது. தொடக்கத்திலேயே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மருத்துவமனையைப் பொறுத்தவரை, குறைந்த மின் பயன்பாடு எப்போதும் நல்ல செய்தி அன்று. மின்விசிறி இல்லாத கூடமும், பழுதாகி மூடப்பட்ட அறுவை அரங்கும் கூட மின் கணக்கைக் குறைத்தே காட்டும்.

மின் கட்டணச் சீட்டு சொல்வதும் சொல்லாததும்

பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது மின் கட்டணத் தொகையைத்தான். ரூபாயை வைத்து ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது தவறான வழி. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர், 2023 ஜூலை, 2024 ஜூலை ஆகிய மாதங்களில் மின் கட்டண விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டன. ஒரு யூனிட் கூடக் கூடுதலாகச் செலவழிக்காத மருத்துவமனைக்கும் கட்டணம் உயர்ந்திருக்கக்கூடும். எனவே கணக்கு யூனிட்டில், அதாவது கிலோவாட் மணியில், இருக்க வேண்டும்.

உயர் அழுத்த இணைப்பு பெற்ற பெரிய மருத்துவமனைகளுக்கு மாதந்தோறும் கணக்கெடுக்கப்படுகிறது. அவற்றின் சீட்டில் யூனிட்டோடு வேறு சில எண்களும் இருக்கும். உச்சத் தேவை என்பது அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் அதிக அளவாக இழுக்கப்பட்ட மின்சுமையைக் குறிக்கும். திறன் காரணி என்பது இழுக்கப்பட்ட மின்சாரம் எந்த அளவுக்குப் பயனுள்ள வேலையாக மாறியது என்பதைக் காட்டும். இவை இரண்டும் கட்டணத்தைப் பாதிக்கின்றன. ஆனால் கட்டடத்தின் ஆற்றல் பயன்பாட்டை ஒப்பிட இவை அளவுகோல் ஆகா. மின்தேக்கி பொருத்தித் திறன் காரணியைச் சரிசெய்தால் கட்டணம் குறையலாம். கூடத்தில் ஓடும் மின்விசிறிகள் முன்பு போலவே ஓடிக்கொண்டிருக்கும்.

சீட்டில் இடம்பெறாதவை இன்னும் முக்கியமானவை. முதலாவது ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலிலிருந்து ஏறத்தாழ 3 முதல் 3.5 யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஓர் ஆண்டில் 6,000 லிட்டர் டீசல் வாங்கிய மருத்துவமனை, சீட்டில் வராத சுமார் 20,000 யூனிட்டைப் பயன்படுத்தியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மரக்கிளை விழுந்து மின்கம்பி அறுவது மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களுக்குப் புதிதன்று. அக்காலத்தில் ஜெனரேட்டர் ஓடிய நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால், மின்தடை மிகுந்த மாதம் சிக்கனமான மாதம் போலத் தோன்றும்.

இரண்டாவது, கூரையில் பொருத்திய சூரிய மின்தகடுகள். நிகர அளவி பொருத்தப்பட்டிருந்தால், சீட்டில் வருவது வெளியிலிருந்து எடுத்ததற்கும் வெளியே கொடுத்ததற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. கட்டடம் உண்மையில் பயன்படுத்தியது எவ்வளவு என்று அறிய, மின்வாரியத்திலிருந்து பெற்றதோடு சூரிய மின் உற்பத்தியையும் ஜெனரேட்டர் உற்பத்தியையும் கூட்டி, வெளியே அனுப்பியதைக் கழிக்க வேண்டும். சூரிய மின்சாரம் நல்லதே. ஆனால் அது வீணடிப்பைக் குறைப்பதில்லை, மறைக்கவும் கூடும்.

மூன்றாவது, சமையலறையிலும் வெந்நீருக்கும் பயன்படும் எரிவாயு. 19 கிலோ வணிக உருளை ஒன்றில் ஏறத்தாழ 240 கிலோவாட் மணிக்குச் சமமான வெப்ப ஆற்றல் உள்ளது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒரே எண்ணாகக் கூட்டுவதா என்பதில் நாடுகளிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைப்பதே பாதுகாப்பானது. ஒரு மருத்துவமனை எரிவாயு அடுப்பிலும் மற்றொன்று மின் அடுப்பிலும் சமைக்கும்போது, மின் கணக்கை மட்டும் பார்த்துப் பின்னதை ஊதாரி என்று சொல்வது முறையாகாது.

எதனால் வகுப்பது?

மொத்த யூனிட்டை அப்படியே ஒப்பிட இயலாது. பெரிய மருத்துவமனை அதிகம் பயன்படுத்தவே செய்யும். ஆகவே ஏதேனும் ஓர் அளவால் வகுக்க வேண்டும். கட்டடத்தின் தளப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது எரிசக்திச் செயல்திறன் குறியீடு. ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் மணி என்று இது சொல்லும். எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம், 2001இன்கீழ் 2002ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று அமைக்கப்பட்ட பி.இ.இ. எனப்படும் மத்திய எரிசக்தித் திறன் பணியகம், 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்கத் தொடங்கியபோது இந்த அளவையே அடிப்படையாகக் கொண்டது.

மருத்துவமனைக்கு இந்த ஒரே அளவு போதுமா? ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பாருங்கள். ‘அ’, ‘ஆ’ என்ற இரு மருத்துவமனைகளிலும் 100 படுக்கைகள் உள்ளன. ‘அ’வின் பரப்பு 6,000 சதுர மீட்டர், ஆண்டுப் பயன்பாடு 4,80,000 யூனிட். ‘ஆ’வின் பரப்பு 9,000 சதுர மீட்டர், பயன்பாடு 5,40,000 யூனிட். பரப்பால் வகுத்தால் ‘அ’ 80, ‘ஆ’ 60. ‘ஆ’வே சிக்கனமானது எனத் தோன்றும். படுக்கையால் வகுத்தால் ‘அ’ 4,800, ‘ஆ’ 5,400. இப்போது ‘அ’ சிக்கனமானது. இனி, படுக்கைகள் எந்த அளவுக்கு நிரம்பியிருந்தன என்று கேளுங்கள். ‘அ’வில் சராசரியாக 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், ஆண்டில் 29,200 நோயாளர் நாட்கள், ஒரு நோயாளர் நாளுக்கு 16.4 யூனிட். ‘ஆ’வில் இடம் போதாமல் கூடுதல் கட்டில் போட்டு 110 விழுக்காடு என்ற நிலை இருந்தால், 40,150 நோயாளர் நாட்கள், ஒரு நாளுக்கு 13.4 யூனிட். வரிசை மீண்டும் மாறிவிட்டது.

மூன்று விடைகளும் கணக்கின்படி சரியே. பரப்பளவுக் குறியீடு கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறது: சுவர், சாளரம், விளக்கு, குளிர்சாதனம். படுக்கைக் குறியீடு அனுமதிக்கப்பட்ட வசதியைப் பற்றிப் பேசுகிறது. நோயாளர் நாள் குறியீடு செய்யப்பட்ட பணியைப் பற்றிப் பேசுகிறது. இம்மூன்றில் ஒன்றை மட்டும் காட்டும் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், மற்ற இரண்டையும் கேட்டுப் பெறுங்கள். புறநோயாளிகளே பெரும்பான்மையாக வரும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் படுக்கைக் கணக்கு பொருந்தாது. அங்கு வருகை எண்ணிக்கையோடும் பிரசவ எண்ணிக்கையோடும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தளப் பரப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசு மருத்துவமனை வளாகம் பல காலக் கட்டடங்களின் தொகுப்பு. நாட்டு ஓடு வேய்ந்த பழைய கூடம், பின்னர் எழுந்த கான்கிரீட் கட்டடம், அண்மையில் திறந்த மகப்பேறு பிரிவு ஆகியவை ஒரே மின் இணைப்பில் இருக்கும். சில வளாகங்களில் செவிலியர் குடியிருப்பும் அதே அளவியின் கீழ் வரும். பொதுப்பணித் துறையின் பதிவேட்டில் உள்ள பரப்பை எடுக்கும்போது, அந்த அளவி எந்தெந்தக் கட்டடங்களுக்கு மின்சாரம் தருகிறது என்பதை நேரில் நடந்து பார்த்து உறுதிசெய்வது தவிர்க்க இயலாத வேலை. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் பரப்பைச் சேர்த்தால் குறியீடு காரணமின்றி அழகாகிவிடும்.

இந்திய ஒப்பளவுகள்: 88ம் 378ம்

இந்தியக் கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டை ஒப்பிடும் முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமையின் உதவியோடும் பி.இ.இ.யின் துணையோடும் நடைபெற்ற எக்கோ-3 திட்டம். அதில் 128 பன்னோக்கு மருத்துவமனைகளின் சராசரி, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 378 கிலோவாட் மணி. படுக்கைக்கு 13,890 கிலோவாட் மணி. 22 அரசு மருத்துவமனைகளின் சராசரி, சதுர மீட்டருக்கு 88, படுக்கைக்கு 2,009.

பரப்பின்படி நான்கு மடங்குக்கு மேல், படுக்கையின்படி ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபாடு. இதைக் கண்டு அரசு மருத்துவமனைகள் மிகச் சிக்கனமானவை என்று மகிழ்ந்தால், எண்களைத் தவறாகப் படித்தவர்கள் ஆவோம். முதற்காரணம் குளிர்சாதனம். பன்னோக்கு மருத்துவமனைகளில் காத்திருக்கும் இடம் வரை குளிரூட்டப்பட்டிருக்கும். அரசு மருத்துவமனையின் பொதுக் கூடங்கள் சாளரத்தையும் மின்விசிறியையுமே நம்பியிருக்கின்றன. இரண்டாவது, இடம். படுக்கைக் கணக்கைப் பரப்புக் கணக்கால் வகுத்தால், பன்னோக்கு மருத்துவமனையில் ஒரு படுக்கைக்குத் தோராயமாக 37 சதுர மீட்டரும், அரசு மருத்துவமனையில் 23 சதுர மீட்டரும் வருகின்றன. அரசு மருத்துவமனையின் குறைந்த எண்ணுக்குள் நெருக்கடியும் அடங்கியிருக்கிறது. மூன்றாவது, கருவிகளின் எண்ணிக்கையும் வகையும்.

மேலும் இவை 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்து எண்கள். அதன்பின் அரசு மருத்துவமனைகள் பெரிதும் மாறிவிட்டன. சி.டி. ஸ்கேன், டயாலிசிஸ் பிரிவு, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு வந்துள்ளன. கொரோனா இரண்டாம் அலையைத் தொடர்ந்து 2021இல் நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் காற்றிலிருந்து ஆக்சிசன் பிரிக்கும் நிலையங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் காற்றழுத்த இயந்திரங்கள் கணிசமான மின்சாரம் இழுப்பவை. 2019ஆம் ஆண்டையும் 2022ஆம் ஆண்டையும் ஒப்பிட்டு மின் செலவு ஏன் கூடியது என்று கேட்பவர், அந்த நிலையம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 88 என்ற எண் இன்று அடைய வேண்டிய இலக்கு அன்று. ஒரு காலத்தின் பதிவு மட்டுமே.

ஒரு கட்டடத்தின் பயன்பாடு மாறினால் ஒப்பளவும் மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்குமாகக் கட்டி 2010இல் திறக்கப்பட்ட கட்டடம், 2014 பிப்ரவரியில் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. சுவர்களும் பரப்பும் மாறவில்லை. ஆனால் பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்திற்குரிய எந்த அளவுகோலும் அதன்பின் அதற்குப் பொருந்தாது.

குற்றாலச் சாரலும் சங்கரன்கோவில் வெயிலும்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. சிறிய மாவட்டம்தான், ஆனால் மருத்துவமனைகளை ஒப்பிடுவதில் தட்பவெப்பம் செய்யும் குழப்பத்தைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைகிறது. குற்றாலம், செங்கோட்டை, தென்காசிப் பகுதிகளில் சாரல் விழுகிறது. பகல் வெப்பம் தணிகிறது. அதே நாளில், அதே மாவட்டத்தில், கிழக்கே கரிசல் மண் பரந்த சங்கரன்கோவில் பகுதியில் வறண்ட காற்று வீசும். அங்குச் சாரல் எட்டுவது அரிது. நாட்டின் கட்டட விதிகள் இந்தியாவை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கின்றன. அந்த வரைபடத்தில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே கோடு வரைய இயலாது. செங்கோட்டை அரசு மருத்துவமனையின் ஜூலை மாத யூனிட்டையும் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையின் ஜூலை மாத யூனிட்டையும் அருகருகே வைத்து, முன்னது சிக்கனமாக நடத்தப்படுகிறது என்று சொன்னால், நிர்வாகத்தின் பெயரில் மலைக்குப் பரிசு கொடுத்ததாகும்.

இதைச் சரிசெய்யப் பயன்படுவது குளிரூட்டல் பாகை நாள் என்னும் கணக்கு. ஓர் அடிப்படை வெப்பநிலையை, 18 பாகை என்று வைத்துக்கொள்வோம், எடுத்துக்கொண்டு, ஒரு நாளின் சராசரி வெப்பநிலை அதைவிட எவ்வளவு மிகுதி என்று பார்க்க வேண்டும். சராசரி 30 பாகை எனில் அந்நாளுக்கு 12 பாகை நாள். 26 எனில் 8. மாதம் முழுவதும் கூட்டினால் அம்மாதத்தில் குளிரூட்டலுக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். குளிர்சாதனப் பயன்பாட்டை அதனோடு சேர்த்துப் பார்த்தால் சாரலின் பங்கையும் நிர்வாகத்தின் பங்கையும் ஓரளவு பிரித்தறியலாம்.

ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் ஈரப்பதம். பாகை நாள் கணக்கு வெப்பத்தை மட்டுமே பார்க்கிறது. சாரல் காலத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் நீர்ச்செறிவு மிகுந்திருக்கும். அறுவை அரங்கில் அந்த ஈரத்தை அகற்ற வேண்டும். அதற்குக் குளிர்சாதனக் கருவி காற்றைத் தேவைக்கு மேல் குளிர்வித்து நீரை வடிக்கிறது. வெளியே போர்வை தேடும் நாளிலும் அறுவை அரங்கின் மின்கணக்கு எதிர்பார்த்த அளவு குறையாமல் போவது இதனால்தான். துணி உலர்த்துவதும் அவ்வாறே. வெயில் காலத்தில் கொடியில் உலரும் படுக்கை விரிப்புகள் சாரல் வாரங்களில் நாட்கணக்கில் உலராது. உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அது கூடுதலாக ஓடும். இல்லாவிட்டால் விரிப்புகளுக்குத் தட்டுப்பாடு வரும். கூரைச் சூரியத் தகடுகளும் மேகமூட்டத்தில் குறைவாகவே தரும்.

குற்றாலப் பருவம் மற்றொரு வகையிலும் கணக்கை மாற்றும். அருவிகளில் நீராடப் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் வந்து குவியும் மாதங்கள் இவை. பாறையில் வழுக்கி அடிபட்டவர், காய்ச்சல் கண்ட குழந்தை, சாலை விபத்தில் சிக்கியவர் என உள்ளூர்ப் பதிவேட்டில் இல்லாத நோயாளர்களும் சேர்வர். அதாவது குளிரூட்டல் தேவை குறையும் மாதத்தில் பணிச்சுமை கூடலாம். பரப்பால் வகுத்த எண்ணில் இது தெரியாது. இப்பகுதி மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, ஒரு மாதத்தை மட்டும் எடுத்து எந்த முடிவுக்கும் வருதல் கூடாது. முழுமையான 12 மாதங்களே குறைந்தபட்ச அளவு.

இடையே ஒரு செய்தி. சாரலைக் கொண்டுவரும் அதே கணவாய்க் காற்றுதான் சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலை மின்சாரத்தில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் கிடைக்கிறது. நாடு முழுமைக்குமான சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது எனக் கணக்கிடப்பட்டாலும், காற்று மிகுந்த மாதத்தின் யூனிட்டும் காற்றில்லா மாதத்தின் யூனிட்டும் உண்மையில் ஒன்றல்ல.

முதலில் தன்னோடு தான்

மேற்கூறிய தடைகளை எல்லாம் பார்த்தால், ஒரு மருத்துவமனையை ஒப்பிடுவதற்கு மிகப் பொருத்தமானது அதே மருத்துவமனையின் சென்ற ஆண்டுதான். எரிசக்திப் பாதுகாப்புக் கட்டட விதி, 2017 புதிய கட்டடங்களுக்கு இதே போன்ற வழியைத் தருகிறது. கட்ட உள்ள கட்டடத்தை வேறொரு கட்டடத்தோடு ஒப்பிடாமல், அதே அளவும் அதே பயன்பாடும் உடைய, விதியின் குறைந்தபட்சத் தேவைகளை மட்டும் நிறைவுசெய்யும் ஒரு கற்பனை இரட்டையோடு ஒப்பிட்டு விகிதம் காண்கிறது.

கருவி எதுவும் வாங்காமல் செய்யக்கூடிய அளவீடு ஒன்று உண்டு: இரவு அளவீடு. இரவு 11 மணிக்கு அளவியின் எண்ணைக் குறியுங்கள். அதிகாலை 5 மணிக்கு மீண்டும் குறியுங்கள். வேறுபாட்டை ஆறால் வகுத்தால், புறநோயாளர் பிரிவு மூடியிருக்கும் நேரத்தில் மருத்துவமனை ஒரு மணிக்கு எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். உயர் அழுத்த இணைப்பில் அளவி காட்டும் எண்ணைப் பெருக்குக் காரணியால் பெருக்கியே உண்மை யூனிட் பெற வேண்டும். அந்தக் காரணி மின் கட்டணச் சீட்டிலேயே இருக்கும். முன்பு கண்ட ‘அ’ மருத்துவமனையில் இந்த வேறுபாடு 240 யூனிட் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 40 யூனிட். ஆண்டு முழுவதற்கும் அது 3,50,400 யூனிட், மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு. பகல் கூட்டத்தால் மின்செலவு கூடுகிறது என்று எண்ணியிருந்த நிர்வாகம், இரவும் பகலும் இடைவிடாது ஓடும் சுமையில்தான் பெரும்பகுதி போகிறது என்பதை ஒரே இரவில் அறிந்துகொள்ளும்.

அந்த இரவுச் சுமையில் இரத்த வங்கிக் குளிர்பெட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற தவிர்க்க முடியாதவையும் இருக்கும். நிர்வாக அறையில் அணைக்க மறந்த குளிர்சாதனம், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்த பின்னும் ஓடும் நீரேற்றி, ஆளில்லா நடைக்கூடத்தில் எரியும் குழல்விளக்கு போன்றவையும் இருக்கும். இவற்றைப் பிரித்தறியத் துணை மீட்டர்கள் தேவை. எல்லா இடங்களிலும் பொருத்த நிதி இராது. அறுவை அரங்கின் குளிர்சாதனம், நீரேற்றி, ஆக்சிசன் நிலையம், சலவை மற்றும் கிருமிநீக்கப் பிரிவு ஆகிய நான்கிலிருந்து தொடங்குவது பயன் தரும். ஒன்று மட்டும் வாங்க முடியுமானால் அறுவை அரங்கிற்கு வாங்குக. வாரத்தில் இரு நாட்கள் மட்டும் அறுவை நடக்கும் அரங்கு ஏழு நாட்களும் முழு வேகத்தில் குளிரூட்டப்படுவது அப்போதுதான் எண்ணாகத் தெரியும்.

மின்விசிறியைச் சிறிய பொருள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறி நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடினால் 1.5 யூனிட். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு 0.6 யூனிட் போதும். ஒரு விசிறிக்கு ஆண்டில் மீதமாவது சுமார் 328 யூனிட். 300 விசிறிகள் உள்ள மருத்துவமனையில் 98,000 யூனிட்டுக்கும் மேல். நோயாளிக்குக் கிடைக்கும் காற்றில் குறைவில்லை.

எண்ணுக்காகத் தொடக் கூடாதவை

ஒப்பீட்டு அறிக்கை வந்ததும் எண்ணைக் குறைக்க வேண்டும் என்ற அழுத்தம் பிறக்கும். அந்த அழுத்தம் தவறான இடத்தில் விழுந்தால் நோயாளிக்குத் தீங்கு நேரும். அறுவை அரங்கில் அறுவை நடைபெறும் நேரத்தில் மணிக்கு 20 முறை காற்று மாற்றப்பட வேண்டும். அதில் 4 முறை வெளிக்காற்றாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட நெறி. அரங்கு காலியாக உள்ள நேரத்தில் இதைக் குறைக்கலாம். கத்தி கையில் உள்ளபோது குறைக்கக் கூடாது. காசநோய்ப் பிரிவின் சாளரங்களை அடைத்து, சுற்றிச்சுற்றி அதே காற்றைக் குளிர்விக்கும் சாதனம் பொருத்துவது மின்சாரத்தையும் வீணாக்கும், நோயையும் பரப்பும். காற்றோட்டத்தின் மூலம் தொற்றைத் தடுப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, இயற்கைக் காற்றோட்டம் உள்ள பொதுக் கூடங்களில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்றும், காற்றுவழித் தொற்று உள்ள அறைகளில் 160 லிட்டர் காற்றும் வேண்டும் என்கிறது. இங்கே திறந்த சாளரமே சிக்கனமும் மருந்தும் ஆகும். தடுப்பூசிக் குளிர்பெட்டியின் இணைப்பும், பெண்கள் பிரிவுக்கும் கழிப்பறைக்கும் செல்லும் வழியின் இரவு விளக்கும் எந்தச் சிக்கனத் திட்டத்திலும் இடம்பெறக் கூடாதவை.

உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் பிற அமைப்புகளும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த வருவாய், கீழ்நடுத்தர வருவாய் நாடுகளில் ஏறத்தாழ 100 கோடி மக்கள் நம்பகமான மின்சாரம் இல்லாத அல்லது மின்சாரமே இல்லாத மருத்துவ நிலையங்களையே சார்ந்துள்ளனர் என்று கூறியது. அத்தகைய நிலையத்தின் செயல்திறன் குறியீடு சுழியத்தை நெருங்கியிருக்கும்.

பிற நாடுகளின் வழக்கம்

அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் மருத்துவமனைகளுக்கு 1 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. 75ம் அதற்கு மேலும் பெற்றவை சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் யூனிட்டைப் பரப்பால் வகுத்ததோடு நில்லாமல், ஊழியர் எண்ணிக்கை, படுக்கை எண்ணிக்கை, எம்.ஆர்.ஐ. கருவிகளின் எண்ணிக்கை, குளிரூட்டல் பாகை நாள் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டு மதிப்பெண் திருத்தப்பட்டது. இங்கிலாந்தில் 2008 முதல் பெரிய பொதுக் கட்டடங்களின் ஆற்றல் சான்றிதழைப் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். மருத்துவமனைகளின் ஆற்றல் விவரங்கள் ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடப்படுகின்றன. இந்தியாவில், தேசியக் காலநிலை மாற்றம் மற்றும் மனித நலத் திட்டத்தின்கீழ் பசுமையான, காலநிலையைத் தாங்கும் மருத்துவமனைகளுக்கான முயற்சிகள் நடைபெறுகின்றன. அரசு மருத்துவமனைகளின் தூய்மையை மதிப்பிடும் காயகல்ப் திட்டத்திலும் சூழலுக்கு உகந்த நடைமுறைகளுக்கு மதிப்பெண் உண்டு.

பதிவேடு எப்படி இருக்க வேண்டும்?

சாதாரண நீள்நோட்டு ஒன்றே போதும். மாதந்தோறும் மின்வாரிய யூனிட், சூரிய உற்பத்தி, வெளியே அனுப்பியது, டீசல் லிட்டர், ஜெனரேட்டர் ஓடிய மணி, எரிவாயு உருளை எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுக. அவற்றின் எதிரே அதே மாதத்தின் உள்நோயாளர் நாட்கள், புறநோயாளர் வருகை, பிரசவங்கள், அறுவைகள் ஆகியவற்றையும் எழுதுக. இப்பின்னவை ஏற்கெனவே மருத்துவப் பதிவுப் பிரிவில் உள்ளவைதாம். முன்னவை மின் பணியாளரிடமும் கணக்குப் பிரிவிலும் தனித்தனியே கிடக்கின்றன. ஒரே பக்கத்தில் இரண்டும் சேர்வதுதான் இதில் புதிய வேலை. மாதத்தில் ஒரு முறை இரவு அளவீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாற்றங்களுக்கென ஒரு பத்தி ஒதுக்குவது அவசியம். புதிய கருவி இயங்கத் தொடங்கிய நாள், கூடம் இடம் மாறிய நாள், பழுதால் மின்தூக்கி நின்ற நாட்கள், படுக்கை எண்ணிக்கை உயர்ந்த நாள் ஆகியவற்றைத் தேதியுடன் குறிக்க வேண்டும். மின் பணியாளர் மாறுதலாகிச் சென்ற பின், மூன்றாண்டுகள் கழித்துத் தணிக்கைக்கு வருபவர் ஏப்ரல் மாதத்தில் திடீரென ஏறிய கோட்டைப் பார்த்துக் காரணம் கேட்கும்போது, டயாலிசிஸ் கருவிகள் அந்த மாதம்தான் இயங்கத் தொடங்கின என்பதற்கு அந்தப் பத்தியைத் தவிர வேறு சான்று இராது.